நாற்பத்தெட்டு செக்கும் ஒரு பிடி கொத்தவரங்காயும்

என் அப்பா கோவிந்தப்பா வண்டியைக் காதால் ஓட்டுகிறவர். கண்ணும் வேலை செய்யும்தான், ஆனால் அதற்கு இரண்டாவது இடம். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பதினேழு வருஷம் வைண்டிங் இன்ஜின் ஓட்டினார். ஆட்களை அடைத்த இரும்புக் கூண்டைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இன்ஜின் அது. கூண்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் இருக்கிற ஆட்களும் தெரியமாட்டார்கள். கீழேயிருந்து மணி அடிப்பார்கள். அதைக் கேட்டு இவர் லீவரைப் பிடிக்க வேண்டும். இத்தனை மணி என்றால் மேலே, இத்தனை என்றால் கீழே என்று ஒரு கணக்கு உண்டு. எனக்கு எந்தக் கணக்கும் தலையில் நிற்காது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை அதை நிரூபித்திருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் நிற்கிறது: கூண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒற்றை மணி அடித்தால் நிறுத்த வேண்டும். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று யோசிக்கக் கூடாது. கேள்வியெல்லாம் நிறுத்தின பிறகுதான்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு பெங்களூரு நீலசந்திராவுக்கு வந்து ஒற்றை அறை வீடு பிடித்தோம். அம்மா காந்தா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். அப்பா, எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளுக்கு வண்டி விடுகிற ஒரு டிராவல்ஸில் ராத்திரி டிரைவர் ஆனார். ஆனால் அந்த ஒற்றை மணி மட்டும் அவரோடு கூடவே வந்துவிட்டது. அம்மா சோறு போட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று வாயால் சொல்லமாட்டார். தட்டு விளிம்பில் விரலால் ஒரு தட்டு. டிங். அம்மாவின் கரண்டி அப்படியே நிற்கும்.

இப்படி ஒரு மந்திரம் கையில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? அவர் ஷேவ் செய்யும்போது பின்னால் நின்று டம்ளரில் ஒரு தட்டு தட்டுவேன். பாதி முகம் நுரையோடு கை அந்தரத்தில் நிற்கும். தண்ணீர்க் குடத்தோடு படி ஏறும்போது ஒரு தட்டு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. தெருவே சிரிக்கும். அப்பா திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொல்வார்:

"மித்ரா, நீ எத்தினி தடவ அடிச்சாலும் நான் நிறுத்திடுவேன். ஆனா அப்புறம் நீ சொல்றத நம்பமாட்டேன், பாத்துக்கோ."

முழுப் பெயர் சங்கமித்ரா. அந்தப் பெயருக்கேற்ற அடக்கம் என்னிடம் இல்லை என்று அம்மா தினமும் புத்தர் படத்தைப் பார்த்து முறையிடுவாள்.

2004ஆம் வருஷம் ஆகஸ்டில் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். கையிலிருக்கும் ஒன்றரை லட்சத்தை வைத்து லோனில் புது இண்டிகா எடுப்பதா, முழுப் பணம் கொடுத்துப் பழைய ஆம்னி வாங்குவதா?

இண்டிகாவின் வக்கீல் அம்மாவின் தம்பி நரேஷ் மாமா. கார் ஷோரூமுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் நடுவில் பைக்கில் பறக்கிற ஏஜெண்ட். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. அப்பாவை மாமா என்றும் குரு என்றும் ஒரே மூச்சில் கூப்பிடக்கூடிய ஒரே ஆள்.

"இன்னும் எத்தினி நாள் மாமா அடுத்தவன் சுமோவ ஓட்டுவீங்க? ஒரு லட்சம் கட்டுங்க. மிச்சம் மூணு லட்சம் லோனு. நாப்பத்தெட்டு மாசம், மாசம் ஒம்பதாயிரம் டியூ. வண்டிய எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனில வாடகைக்கு அட்டாச் பண்ணிடலாம், நான் பேசிட்டேன் குரு. ஒரு நாளைக்கி மூணு ட்ரிப் அடிச்சீங்கன்னா டீசல், டியூ எல்லாம் போக கையில எட்டாயிரம் நிக்கும்."

"ரெண்டு ட்ரிப் அடிச்சா?" என்றார் அப்பா.

"ரெண்டு அடிச்சா டியூ போவும். சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க? ரெண்டு எதுக்கு மாமா அடிக்கணும்? உங்களுக்கு இன்னா வயசாயிடுச்சு?"

அப்பா "ம்" என்றார். அவரிடம் மூன்று வகை "ம்" உண்டு. இது எந்த வகை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

ஆம்னிக்கு வக்கீல் யாரும் கிடையாது, சொந்தக்காரி மட்டும்தான். ஆஸ்டின் டவுன் மௌரீன் ஆன்ட்டி. அவள் கணவர் அந்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். அவர் காலமான பிறகு ஆன்ட்டியே ஓட்டினாள். அப்பா அவ்வப்போது போய் பிளக் மாற்றிக் கொடுப்பார். இப்போது மகனோடு இருக்க ஆன்ட்டி ஆஸ்திரேலியா போகிறாள். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆனால் ஒரு நிபந்தனை.

"வண்டிய மட்டும் குடுக்கமாட்டேன் மேன். எட்டு பசங்களோட சேத்து எடுக்கணும். இன்னொரு ஆளு வந்து கேக்கறான், காலிஃப்ளவர் ஏத்தணுமாம். ஃப்ரைடே சிக்ஸ் ஓ க்ளாக் வரைக்கும் உனக்காக வெச்சிருப்பேன் கோவிந்து. அதுக்கு மேல நான் இன்னா பண்ணமுடியும், காலிஃப்ளவர்தான்."

நரேஷ் மாமாவின் ஷோரூம் ஸ்கீமும் அதே வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். எல்லாரும் ஒரே வெள்ளிக்கிழமையைப் பிடித்துத் தொங்கினார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன வேலை செய்தேன். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவின் சட்டைப் பையில் நாலைந்து பச்சை மிளகாய் இருக்கும். டிபன் பாக்ஸில் இருக்கிற தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள என்று நினைத்திருந்தேன். மிளகாயை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் இளசாக நாலைந்து கொத்தவரங்காயைப் பொறுக்கிப் பையில் போட்டேன். தயிர்சாதத்தோடு கடித்துவிட்டு முழிக்கப்போகிற முழியை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஜன்னலுக்கு டி.வி. அட்டைப்பெட்டியை வைத்து அடைத்திருக்கிறோம், பகலில் அவர் தூங்குவதற்காக. திட்டு விழாத குறும்பு உப்பில்லாத சோறு மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் அவர் கிளம்பிப் போன பிறகு பீடாக் கடையிலிருக்கும் ஒரு ரூபாய் போனுக்குப் போனேன்.

டிராவல் டெஸ்க்கில் சௌம்யா என்று ஒரு அக்கா உண்டு. கோயம்புத்தூர்க்காரி. அப்பா தூங்கும்போது வரும் போனை நான்தான் எடுப்பேன் என்பதால் அவள் குரல் எனக்கு மனப்பாடம். காசைப் போட்டு அப்பாவின் செல் நம்பரை அமுக்கினேன்.

"கோவிந்தப்பா அண்ணாங்களா? டிராவல் டெஸ்க்ல இருந்து சௌம்யா பேசறனுங்க."

"சொல்லுங்க மேடம்." பின்னால் மடிவாளா ஸ்டாண்டின் ஹாரன் சத்தம்.

"உங்க வண்டில கொத்தவரங்கா கெடந்துச்சுன்னு கம்ப்ளைண்ட் வந்திருக்குதுங்க. இதென்னங்ணா காய்கறி வண்டியா?"

அவர் சிரிப்பார், அல்லது தடுமாறுவார், நான் என் குரலில் "ஏமாந்தியா?" என்று கத்திவிட்டு ஓடிவிடலாம் என்பது திட்டம். அப்பா இரண்டும் செய்யவில்லை.

"அது என் பொண்ணு மேடம். வெளையாட்டுக்கு வெச்சிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க." குரலைத் தாழ்த்தினார். "மேடம், நீங்களே கூப்ட்டீங்க, அதனால சொல்றேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க. இன்னிக்குக் காலைல மூணாவது ட்ரிப்புல கண்ணு மூடிடுச்சு. சிங்கசந்திரா ஸ்டாப்புகிட்ட. தூக்கம் வந்தா மொளகா கடிப்பேன், எரிச்சல்ல முழிப்பு வந்துடும். இன்னிக்கி பையில மொளகா இல்ல. கண்ணத் தொறந்தா முன்னாடி பஸ்ஸு. ரெண்டடி. பின்னாடி மூணு கம்பெனி புள்ளைங்க தூங்கிட்டிருந்தாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

டொய்ங் டொய்ங் என்று போன் சத்தம் போட்டது. எந்தக் கையால் எடுத்தேன் என்று தெரியாமல் இன்னொரு காசைப் போட்டேன்.

"பதினேழு வருஷம் ஆளுங்கள எறக்கி ஏத்தினவன் மேடம் நானு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் கெடையாது. எனக்கு அந்த மூணாவது ட்ரிப் மட்டும் வேணாம். சம்பளத்துல வேணா புடிச்சுக்கங்க."

அந்த நிமிஷமே "அப்பா, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். வாய் சௌம்யாவின் வாயாகவே இருந்தது.

"சரிங்ணா," என்றேன். "பாத்துக்கறனுங்க."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்," என்றார்.

பீடாக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு மூன்றாவது ட்ரிப் வழக்கம்போலவே போட்டிருந்தார்கள். போடாமல் எப்படி இருப்பார்கள்? உண்மையான சௌம்யாவிடம் யார் சொன்னது? சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"டெஸ்க்கு மேடம் வாயில சரின்னாங்க. ட்ரிப் சீட்டுல மாத்தவேயில்ல."

"எதுக்கு சரின்னாங்க?" என்றாள் அம்மா.

"சும்னே, சும்மாதான். ஒரு லீவு கேட்டேன்."

"இதுக்குதான் சொந்த வண்டி வேணும்ன்றது. அடுத்தவங்ககிட்ட போயி லீவுக்குக் கைகட்டி நிக்கணுமா?"

அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொந்த வண்டி என்றால் கைகட்ட வேண்டாம். ஆனால் டியூ? ஒம்பதாயிரத்துக்கு மூன்று ட்ரிப் என்று கணக்குப் போட்டுக் காட்டியதே நரேஷ் மாமாதான். அந்த மூன்றாவது ட்ரிப்பை அப்பா நாற்பத்தெட்டு மாசம் ஓட்ட வேண்டும். எனக்கே இந்தக் கணக்கு விளங்கியது. என் கணக்கு டீச்சர் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

இனி அப்பா இன்னொரு தடவை யாரிடமும் கேட்கமாட்டார் என்பதும் தெரிந்தது. ஒரு தடவை கேட்டார், சரி என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். ஏமாற்றியது நான். நான் செய்ததெல்லாம், அன்றிலிருந்து அவர் பையில் நாலுக்குப் பதில் பத்து மிளகாய் போட்டு அனுப்பியதுதான். அதுவும் நல்ல காரமானதாக, ஒவ்வொன்றையும் நுனி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு. உதடு வீங்கிப் போயிற்று.

புதன்கிழமை மத்தியானம் அப்பா தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்து மௌரீன் ஆன்ட்டி வீட்டுக்குக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க மேடம்," என்றார். இன்ஜின் ஓடியது. தலையை ஒரு பக்கம் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார்.

"பெல்ட்டு கொஞ்சம் லூசு. மத்தபடி நல்ல வண்டி. பொய் சொல்லாது."

"ஏழு வருஷ வண்டி மேன், அதுக்கு இன்னா பொய் தெரியும்?" என்ற ஆன்ட்டி ஒரு காகிதத்தை நீட்டினாள். எட்டுப் பிள்ளைகளின் பெயர், வீடு, எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது டாட்டா காட்டாவிட்டால் ஏறாது என்பது வரை எழுதியிருந்தது. "காலைல செவன் தர்ட்டிலருந்து நைன். சாயங்காலம் த்ரீலருந்து ஃபைவ். நடுவுல வேற ஸ்கூல் பசங்க இன்னும் பத்து பேர் புடிக்கலாம். நைட்டு உன் வீட்ல நீ தூங்கலாம்."

கடைசி வாக்கியத்தில் அப்பா காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். இப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இந்த டி.வி. யாரோ வித்தது. இந்த கட்டில் யாரோ வித்தது. இவ போட்டுக் கிழிச்ச யூனிஃபார்ம்கூட பக்கத்து லைன் வீட்டுப் பொண்ணோடது. நான் தினம் தெச்சு அனுப்பற சட்டை அத்தினியும் புதுசு, எங்கயோ எவனோ போடறான். ஒரே ஒரு தடவ, பிளாஸ்டிக் கவரு பிரிக்காத சீட்ல உக்காரணும். அவ்ளோதான் எனக்கு. பழசு வேணும்னா வாங்கிக்கங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அப்பா ஆன்ட்டி கொடுத்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டார், மிளகாய் இருக்கிற பைக்குள்.

"நரேஷ வரச்சொல்லு," என்றார்.

வியாழக்கிழமை நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போராடினேன். லோனுக்குக் கொடுக்க வேண்டிய செக் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அரிசி அளக்க வந்த அம்மா அதை எடுத்துத் தட்டினாள். "பூச்சி வராம இருக்க ஊர்ல வேப்பல போடுவாங்க. நீ செக்கு போட்டிருக்கியா? கழுத." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கொத்தவரங்காயைச் சொல்ல வேண்டும், போனைச் சொல்ல வேண்டும். அதைவிட, அப்பா யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்ததை அம்மா முன் போட்டு உடைக்க வேண்டும். பதினேழு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை என்று சொல்லிக்கொள்கிற மனுஷனை எப்படி அப்படிச் செய்வது?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நரேஷ் மாமா வந்தார். புது டை. அம்மா அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள், கார்மெண்ட்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. புத்தர் படத்துக்கு முன்னால் பாயை விரித்து அப்பாவை உட்காரவைத்தாள். மாமா காகிதக் கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

"குறி போட்ட எடத்துல எல்லாம் போடுங்க குரு. படிக்க வேணாம், சும்னே டைம் வேஸ்ட்டு. மொதல்ல செக்கு, மாசத்துக்கு ஒண்ணு. நாப்பத்தெட்டும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மாறினாலும் பவுன்ஸ் ஆயிடும்."

அப்பா பேனாவை வாங்கினார். அவர் கையெழுத்து தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, கூண்டை இறக்குகிற நிதானத்தில்தான் வரும். ஒரு செக். இரண்டு. மாமா ஒவ்வொன்றாகக் கிழித்து ஊதி அடுக்கினார். அம்மா அடுக்கின செக்குகளை நேர்ப்படுத்தினாள். நான் சமையல் மேடையருகே டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். அஞ்சு. ஆறு. அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன, காலையில் இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தார். எட்டாவது செக்கின்போது கண்ணை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"தூக்கமா மாமா? இன்னா இப்பவே தூங்கறீங்க, புது வண்டில ஏ.சி. போட்டா சொகமா இன்னும் தூக்கம் வரும்!" என்று மாமா சிரித்தார்.

அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பன்னிரண்டாவது செக். "கோ" எழுதினார். "வி" எழுதினார். "ந்" எழுதினார்.

என் கையிலிருந்த ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு தட்டினேன். டிங்.

பேனா நின்றது. எழுத்து பாதியில், கை அசையாமல்.

"அடியே! வெளையாடற நேரமாடி இது?" என்று அம்மா எழுந்தாள்.

"அது கெடக்குது மாமா, நீங்க போடுங்க," என்றார் நரேஷ் மாமா.

அப்பா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, செக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட்டேன். எதுக்கு அடிச்சே?"

நம்பமாட்டேன் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை தடவை இந்த மணியை மீசைக்கும் குடத்துக்கும் செலவழித்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். என் குரல் வரவில்லை. வேறொரு குரல்தான் வந்தது.

"கோவிந்தப்பா அண்ணாங்களா? டிராவல் டெஸ்க்ல இருந்து சௌம்யா பேசறனுங்க."

நரேஷ் மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"சிங்கசந்திரா விஷயத்த யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்கங்ணா. நானும் சரின்னனுங்க. அந்த மூணாவது ட்ரிப்ப என்னால..." அதற்கு மேல் கோயம்புத்தூரும் வரவில்லை. "அப்பா, கொத்தவரங்கா வெச்சதும் நான்தான், போனு பண்ணதும் நான்தான். கையெழுத்து போடாதப்பா."

வெளியே யாரோ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சிங்கசந்திராவுல இன்னா?" என்றாள் அம்மா.

அப்பா பேனாவைப் பாயில் வைத்தார். நான் சொன்னேன். பஸ், ரெண்டடி, பின்னால் தூங்கின மூன்று பேர், மிளகாய், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அப்பா சின்னதாகிக்கொண்டே போனார். அதைத்தான் நான் பார்க்க விரும்பவில்லை.

அம்மா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"கண்ணு எத்தினி செகண்டு மூடிச்சு?"

"தெரியல காந்தா. தெரிஞ்சிருந்தா முழிச்சிட்டிருந்திருப்பேனே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கவரு பிரிக்காத சீட்டுன்னே."

அம்மா கார்மெண்ட்ஸ் பைக்குள் கைவிட்டு, நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்தாள். அடுக்கி வைத்திருந்த பதினோரு செக்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, கையெழுத்துக்குக் குறுக்கே வெட்டினாள். பீஸ் பீஸாக, வேகமாக, தினமும் சட்டைக் காலருக்குச் செய்கிற மாதிரி. பாதிக் கையெழுத்து போட்ட பன்னிரண்டாவதையும் அப்பாவின் மடியிலிருந்து எடுத்து வெட்டினாள்.

"அக்கா! அக்கா, இன்னா பண்றே? புக்கிங்குக்குக் கட்டின ரெண்டாயிரம் திரும்பி வராது. ஷோரூம்ல நான் இன்னான்னு சொல்லுவேன்?"

"உங்க மாமா உசுரோட இருக்கறாருன்னு சொல்லு."

நரேஷ் மாமா டையைத் தளர்த்தினார். கெட்டவர் இல்லை அவர். கொஞ்ச நேரம் வெட்டின துண்டுகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ட்ரிப்புன்னு கேட்டீங்களே மாமா அன்னிக்கி. நான் வெளங்காத ஆளு," என்றார். மணியைப் பார்த்தார். "அஞ்சேகால். ஆம்னி ஆறு மணி வரைக்கும்தானே? வாங்க, பைக்குல ஏறுங்க."

பைக்கில் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மாவும் நானும் ஆஸ்டின் டவுனுக்கு ஓடினோம். வழியில் சாக்கடை தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்த அம்மா பிறகு விடவேயில்லை. வலித்தது.

நாங்கள் போனபோது மௌரீன் ஆன்ட்டியின் வாசலில் காலிஃப்ளவர் ஆள் வந்து நின்றிருந்தார். வண்டிக்குள் தலையை விட்டு, சீட்டையெல்லாம் கழற்றினால் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று முழம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒரு ஓரமாக நின்றார். ஆன்ட்டி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ். கோவிந்து, பசங்கள எடுக்கறியா, இல்லியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா காலிஃப்ளவர் ஆளை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிகிற சீட்டில் உட்கார்ந்தாள். கையால் தடவிப் பார்த்தாள்.

"எடுக்கறோம்," என்றாள். "ஆனா சீட் கவரு புதுசா போடணும்."

"யூ ப்ளீஸ் யுவர்செல்ஃப், டார்லிங்," என்றாள் ஆன்ட்டி.

சொன்னபடி அம்மா சீட் கவர் போட்டாள். அதற்கு மேல் வந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்க யாரையும் விடவில்லை. எட்டுப் பிள்ளைகளும் வளைவில் ஒரு பக்கமாக வழுக்கிப் போவார்கள், எதிர் வளைவில் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. வருமானம் இண்டிகாவில் வந்திருக்கக்கூடியதில் பாதிகூட இல்லை. பெல்ட் ஒரு தடவை அறுந்தது, மழையில் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அம்மா என்னை மன்னிக்க ஒரு மாசம் ஆயிற்று. அப்பாவுக்கு எவ்வளவு நாளாயிற்று என்று தெரியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "ம்" கூட இல்லை.

அப்பா வேலையை விட்ட வாரத்தில் உண்மையான சௌம்யா போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"உங்கப்பா ஒரு நாள் எனக்குத் தேங்க்ஸ் சொன்னாருங்க. எதுக்குன்னு கேக்கறதுக்குள்ள வண்டி எடுத்துட்டாரு. எதுக்குங்க அது?"

எனக்கு அவள் குரலில் பேசத் தெரியும், அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"மூணாவது ட்ரிப் வேணாம்னு கேக்க நெனச்சாரு, அக்கா."

"அட. கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பனுங்களே," என்றாள்.



அப்பாவுக்குப் பழக்கம் விடவில்லை. இப்போதும் காலையில் கிளம்பும்போது பையில் நாலு பச்சை மிளகாய் எடுத்துப் போட்டுக்கொள்கிறார், ராத்திரி பூராவும் தூங்கி எழுந்தவர். போன வாரம் அதை எடுத்துவிட்டு மறுபடி கொத்தவரங்காய் வைத்தேன். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து நாலையும் எடுத்து அம்மாவின் காய்கறிக் கூடையில் போட்டார்.

"பொரியலுக்குப் பத்தாது," என்றார். "நாளைக்கி கொஞ்சம் ஜாஸ்தியா வை."